கண்ணாடி இல்லாத வீட்டில் ஆறு சனிக்கிழமைகள்

வண்ணாரப்பேட்டையில் போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கும் ஜெனிஃபர் போன மாதம் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய கடைக்கு பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களில் பலர் படத்தைக் கையில் வாங்கியதும், இது என்னை மாதிரியே இல்லையே என்கிறார்களாம். செல்போனில் தாங்களே எடுத்த படத்தைக் காட்டிச் சண்டைக்கும் வருகிறார்களாம். “கேமராவுல கோளாறா சார், இல்ல எங்கிட்டயா?” என்றார்.

இரண்டிலும் கோளாறு இல்லை. செல்போன் நம்மைக் கண்ணாடி காட்டுவதுபோல இடம் வலம் மாற்றிக் காட்டுகிறது. பிறந்ததிலிருந்து நமக்குப் பழக்கமான நம் முகம் அதுதான். கடையில் எடுக்கும் படம் ஊரார் பார்க்கும் முகம். வகிடு மாறியிருக்கும், மச்சம் மாறியிருக்கும், லேசாகக் கோணிய மூக்கு எதிர்ப்பக்கம் கோணியிருக்கும். ஊருக்குத் தெரிந்த நம் முகம் நமக்குத் தெரியாது.

இதைச் சொன்னதும் அவர், “எழுதி வைங்க சார், கடையில மாட்டிப்போடுதேன்” என்றார். எழுத உட்கார்ந்தேன். பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டபோது, கடையில் மாட்டுகிற அளவில் இது முடியாது என்று தெரிந்துவிட்டது.

முகம் வரைவதுதான் என் தொழில். 1979 தை மாதம் திருநெல்வேலி ஜங்ஷனில் தளவாய் அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். முதல் நான்கு வருஷம் நெகட்டிவில் முகத்தின் குறைகளை மறைக்கும் பென்சில் வேலை, அடுத்த மூன்று வருஷம் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கை வண்ணம், பிறகு ஆயில் பெயின்டிங். 2006இல் ஸ்டூடியோவை மூடினோம். அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் வீட்டிலிருந்து வரைந்தேன். கை நடுங்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேச மாட்டார். ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் படத்துக்கு முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தன் தலையை வாரிக்கொள்வார். இரண்டாவது தடவை வாரினால் அந்தப் படத்தை மறுபடி வரைய வேண்டும் என்று அர்த்தம். வேட்டியில் ஒரு பொட்டு வண்ணம் பட்டு நான் பார்த்ததில்லை. அவர் மேசையில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். நாங்கள் வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலே அதை நீட்டுவார். கண்ணாடிக்குள் படம் இடம் வலம் மாறித் தெரியும். பத்து நாளாகப் பார்த்துப் பழகிப்போன தவறு அதில் ஒரு நொடியில் துருத்திக்கொண்டு வரும். ஒரு கண் கீழே இறங்கியிருக்கும், தாடை ஒரு பக்கம் ஓடியிருக்கும். “பாத்தீரா?” என்பார். அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. 1991 கார்த்திகையில் டவுனிலிருந்து ஒரு வக்கீல் வீட்டம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு, இது தன் நாத்தனார் முகம் என்று ஒரே பிடியாக நின்றார். நாத்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது அவர் சொன்ன தோரணையிலேயே தெரிந்தது. அண்ணாச்சி அவரைப் படத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்து, தோளுக்கு மேலே அதற்குள் படத்தைப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா பார்த்தார். “ஆமா, இது நான்தான்” என்றார். பிறகு திரும்பி நேராகப் பார்த்து, “இதுவும் நான்தானா?” என்றார். “ஊருக்கு அது, ஒங்களுக்கு இது” என்றார் அண்ணாச்சி. படம் போய்ச் சேர்ந்தது. நாத்தனார் வந்து பார்த்தாரா என்று தெரியவில்லை.

92 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வருஷம் எங்களுக்கு வேறு வேலையே இல்லை. ஆற்றோரத்து வீடுகளிலிருந்து நனைந்த படங்களாக வந்தன. சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட முகங்கள், உரித்தால் கண்ணாடியோடு போய்விடுகிற முகங்கள். போன முகத்தை மிச்சமிருக்கும் பாதியிலிருந்து மீட்க அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். வந்த படத்தை நகலெடுத்து, அந்த நெகட்டிவை ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை திருப்பிப் போட்டும் ஒரே அளவில் இரண்டு பிரிண்ட் எடுக்க வேண்டும். இரண்டையும் மூக்குத் தண்டின் நடுவே பிளேடால் நறுக்கி, நல்ல பாதியை அதன் திருப்பிய பாதியோடு ஒட்ட வேண்டும். முழு முகம் கிடைத்துவிடும். ஒட்டுப்படம் என்போம். அதை வைத்து வரைய வேண்டியது. இறந்தவர்கள் முகத்துக்கு அந்த வருஷம் நாற்பது, ஐம்பது தடவை செய்திருப்பேன். யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் இல்லை.

உயிரோடிருக்கும் ஒருவருக்கு அதை ஒரே ஒரு தடவை செய்தேன்.

1995 வைகாசி கடைசியில், நாங்கள் சேர்மாதேவி என்று சொல்லும் சேரன்மகாதேவியிலிருந்து செண்பகம் அம்மாள் என்பவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவர் கணவர் கோமதிநாயகம் சார் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியிருக்கிறது. முகவாதம். வைத்தியத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது, முழுதாகச் சரியாகவில்லை. வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் அவர் எடுக்கச் சொல்லிவிட்டார். பீரோவின் நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மகள் உமா தலை சீவ அடுத்த வீட்டுக்குப் போய் வந்தாள். சவரத்துக்கு ஆள் வீட்டுக்கே வந்தார், அவருக்கும் கண்ணாடி கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு.

ஆவணியில் உமாவுக்குக் கல்யாணம். மேடையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க மாட்டேன், தம்பி செய்யட்டும் என்று சார் சொல்லிவிட்டார். அம்மாள் மன்றாடியிருக்கிறார். கடைசியில் சார் ஒரு வழி சொன்னார். ஒரு ஓவியர் வந்து இப்போதுள்ளபடி தன் முகத்தை வரையட்டும், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மேடையில் இருப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்கிறேன் என்று.

அண்ணாச்சி என்னைப் போகச் சொன்னார். ஆனி முதல் சனிக்கிழமை போனேன். நடுக்கூடத்தில் கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சார் ஒல்லியான, நிமிர்ந்து உட்காருகிற மனிதர். கையில் ஒரு மடித்த கைக்குட்டை, இடது கண்ணில் ஊறும் நீரை ஒற்றிக்கொள்ள. நான் பையைத் திறந்ததும், “உள்ள கண்ணாடி உண்டா?” என்றார். உண்டு என்றேன், வரைந்ததைச் சரிபார்க்க. அதை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

ஏன் இந்த ஏற்பாடு என்று நானே கேட்டேன். அவர் கணக்கு நடத்துவதுபோலச் சொன்னார்: “கண்ணாடியில பாத்தா நான் ஒருத்தன்தான் பாக்கேன். ஒரு நா பயங்கரமா இருக்கு, மறுநா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. எது சரின்னு எனக்கே தெரியல. வீட்டுல கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுதாங்க. உறவில்லாத ஆளு ஒருத்தர் அளந்து சொல்லட்டும்.”

அன்று கரித்துண்டில் முதல் படம் போட்டேன். என் முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் அவ்வளவு கவனமாக ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நெற்றிச் சுருக்கங்கள் வலது பாதியோடு நின்றுவிட்டன. இடது பாதி சின்னப் பையனின் நெற்றிபோல வழுவழுப்பாக இருந்தது. இடது கீழிமை சற்றுத் தளர்ந்திருந்தது. வாயின் இடது மூலை ஒரு நெல் அளவு இறங்கியிருந்தது. சும்மா இருக்கும்போது அவ்வளவுதான், அதைப் போய் ஒருவர் விகாரம் என்று சொல்ல மாட்டார். சிரித்தால்தான் வலது பக்கம் மட்டும் மேலே ஏறி, வாய் முழுக்க அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இடது புருவத்தில் ஒரு தழும்பு. எட்டு வயதில் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்ததாம். கண்ணாடி வைத்துச் சரிபார்க்க முடியாமலேயே அந்தப் படம் சரியாக வந்திருந்தது எனக்குத் தெரிந்தது. பின்பக்கம் தேதி எழுதிப் பையில் வைத்தேன். வண்ணப்படம் முடியும்வரை எதையும் காட்ட வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நிறையப் பேசினோம். ஜெனிஃபரிடம் சொன்ன இடம் வலம் விஷயத்தை அவரிடம் அன்றைக்கே சொன்னேன், வக்கீல் வீட்டம்மா கதையோடு. நாத்தனார் வந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார். சரியாக அந்த நேரம் கேமராவை அழுத்தினேன். ஸ்டூடியோவில் வைத்துப் பார்த்து வரைய ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த இடம் வலம் கணக்கு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிலேட்டில் படம் போட்டுப் பார்த்தார். “அப்போ என் மூஞ்சிய நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லைன்னு சொல்லும்” என்றார்.

நாலாவது சனிக்கிழமைக்கு முன்பு செண்பகம் அம்மாள் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தார். அண்ணாச்சியிடம்தான் பேசினார், நான் பக்கத்தில் இருந்தேன். “அண்ணாச்சி, அவுஹ முகத்த உள்ளபடி போட்டுட்டா மேடை ஏற மாட்டாஹ. அப்பா இருக்கையில சித்தப்பா தாரை வார்த்தா மாப்பிள வீட்டுல என்ன நெனைப்பாஹ? அந்த வாயி மட்டும் நேரா இருக்கட்டும். லேசா சிரிச்ச மாதிரி.” அழவில்லை. சாமான் வாங்க வந்தவர் அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

சார் உள்ளபடி வரையத்தானே கேட்டார் என்றேன் நான். அண்ணாச்சி சீப்பை எடுத்தார், வாரவில்லை, திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். “பிள்ள கல்யாணம் வே. சரியாயிட்டு வர மூஞ்சிதானே, ஒரு ஆறு மாசம் முன்னாடியே சரியாக்கிப் போடும்” என்றார்.

இதுவரை இதை அண்ணாச்சியின் உத்தரவு என்றே என் மனதில் எழுதி வைத்திருந்தேன். அந்த வாரத்து டைரியைப் பார்த்தால் அப்படி இல்லை. “ஒட்டுப்படம் போட்டேன். நன்றாக வந்தது” என்று எழுதியிருக்கிறேன். “நன்றாக வந்தது” என்பதன் கீழே ஒரு கோடு வேறு. நான் மறுக்கவில்லை. நான் எடுத்த போட்டோவின் வலது பாதியில் அந்தச் சிரிப்பு இருந்தது. அதைத் திருப்பி ஒட்டியதும் முழுச் சிரிப்பாக வந்து உட்கார்ந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஒட்டுப்படத்தில் இரண்டு பக்கமும் வகிடு வந்துவிடும், அதைச் சரிசெய்தேன். அதோடு விட்டிருக்கலாம். தழும்பு நறுக்கிப்போட்ட பாதியில் போய்விட்டது. அதையும் கரிப்படத்தைப் பார்த்து அதே நீளத்தில், அதே சாய்வில், இடது புருவத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

ஆறாவது சனிக்கிழமை, ஆடி தொடக்கம், படத்தைக் கொண்டுபோய்க் கூடத்தில் நாற்காலியில் சாத்தினேன். சார் நெடுநேரம் பார்த்தார். செண்பகம் அம்மாளும் உமாவும் அடுக்களை வாசலில் நின்றார்கள். அவர் இடது கையால் தன் புருவத் தழும்பைத் தொட்டார். மற்றக் கையால் படத்தில் தேடினார்.

“கண்ணாடியில இந்தப் பக்கம் இருக்கும். படத்துல அந்தப் பக்கம். சரிதான்” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னமோ வேற ஆளு மாதிரிதான் இருக்கு” என்றார். ஆனால் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்: “நீருதான் சொன்னீரே, இடம் வலம் மாறினா அப்படித்தான் தோணும்னு.”

வேற ஆள்தான் சார், அது நீங்கள் இல்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண் சரியாகத்தான் கண்டுபிடித்தது. நான் கற்றுக்கொடுத்த கணக்கை வைத்து அதை அவரே அழித்துவிட்டார். “ஆமா சார்” என்றேன்.

கைக்கண்ணாடி கொடுத்துப் படத்தைப் பார்க்கச் சொல்லும் எங்கள் வழக்கம் அந்த வீட்டில் மட்டும் இல்லாமல் போயிற்று. கொடுத்திருந்தால் கண்ணாடிக்குள் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய முகமும் இருந்திருக்கும்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அண்ணாச்சியும் நானும் போயிருந்தோம். சார் பட்டு வேட்டி கட்டி மேடையில் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தார். வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தார். வீடியோக்காரர் விளக்கைத் திருப்பும்போதெல்லாம் சிரித்தார். அண்ணாச்சி பந்தியில் என்னிடம், “பாத்தீரா?” என்றார். தவறைக் காட்டும்போது சொல்லும் அதே வார்த்தை. அன்று அவர் பெருமையாகத்தான் சொன்னார், எனக்கும் அப்படித்தான் கேட்டது.

வீடியோ கேசட் புரட்டாசியில் வந்திருக்கிறது. உமாவும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்த நாளில், அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, கூடத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தாரை வார்க்கும் இடத்தில் சார் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பின்னால் ஓட்டி மறுபடி போடச் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை. இதை உமா எனக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு மழை நாள் பிற்பகல், சார் பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கே வந்தார். படத்தை ஒரு பத்தமடைப் பாயில் சுற்றி, நனையாமல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார். பாயைப் பிரித்து, படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தினார். அண்ணாச்சி எழுந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. என்னிடம்தான் பேசினார்.

“நீரு உள்ளபடி வரைஞ்சிருந்தாலும் நான் மேடையில இருந்திருப்பேன் வே. எம் பிள்ள கல்யாணம். ஆனா சிரிச்சிருக்க மாட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவதுபோல. “ஒவ்வொருத்தனும் எம் மூஞ்சியப் பாத்துட்டுக் கீழ குனியுதான். மரியாதைக்குக் குனியுதாம்னு நெனச்சு இன்னும் நல்லாச் சிரிக்கேன். கேசட்டுல நல்லாத் தெரியுது.”

கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அந்தக் கண்ணில் எப்போதும் நீர் ஊறும். அன்று அதற்கு என்ன காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு கேட்டார்: “மொத நாளு ஒண்ணு போட்டீரே, கரியில. அது எப்படி இருந்துது?”

அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதில் இருந்த முகம் அவர் பயந்த அளவுக்கு இல்லை, கேசட்டில் பார்த்ததைவிட எவ்வளவோ நல்ல முகம். அமைதியான, கொஞ்சம் களைத்த ஒரு வாத்தியார் முகம். ஆனால் அதை எடுத்துக் காட்டினால், உண்மை தெரிந்தும் கையில் வைத்துக்கொண்டே பொய்யைக் கொடுத்தேன் என்று ஆகிவிடும். அண்ணாச்சியும் பக்கத்தில் நின்றார். “தேடிப் பாக்கணும் சார், கெடச்சா வீட்டுக்குக் கொண்டுவாரேன்” என்றேன்.

“பையப் பாரும், அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு, பாயை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

நான் போகவில்லை. கார்த்திகையில் போகலாம் என்று எழுதியிருக்கிறேன். தையில் போகலாம் என்று எழுதியிருக்கிறேன். 1997 சித்திரையில் ஒரு இடத்தில் “சேர்மாதேவி” என்று மட்டும் எழுதி அடித்திருக்கிறேன். அண்ணாச்சி அந்த வண்ணப்படத்தை என்ன செய்வதென்று கேட்கவே இல்லை. இருட்டறைக்கு வெளியே அதே சுவரில், அதே மாதிரி திரும்பியபடி அது ஏழு வருஷத்துக்கு மேல் இருந்தது.

2003 மாசியில் உமாவின் கணவர் வந்தார். சார் காலமாகிப் பத்து நாளாகியிருந்தது. பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும், இங்கே ஒரு நல்ல படம் இருப்பதாக மாமி சொன்னார் என்றார். தூசி துடைத்து, சட்டம் போட்டுக் கொடுத்தோம்.

பதினாறாம் நாள் நான் போனேன். கரிப்படத்தை அட்டைக்குள் வைத்துப் பையில் எடுத்துக்கொண்டேன். கூடத்தில் நுழைந்ததும் நிலைக்கண்ணாடிதான் கண்ணில் பட்டது. பீரோ நேராகத் திரும்பியிருந்தது. பழைய ஆணியிலும் ஒரு கண்ணாடி தொங்கியது. ஐப்பசியில் பாயோடு திரும்பி வந்த அன்று மாலையே அப்பா எல்லாக் கண்ணாடியையும் அதனதன் இடத்தில் மாட்டச் சொல்லிவிட்டார் என்றார் உமா. “தெனமும் காலையில அதுல பாத்துத்தான் சவரம் பண்ணுவாங்க. ஆனா சிரிச்சு நான் பாக்கல.”

கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் மாலையோடு அந்தப் படம் இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சிரித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். உமாவின் மகளுக்கு ஐந்து வயதிருக்கும். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செண்பகம் அம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, “தாத்தா அப்படியே இருக்காஹ பாத்தியா?” என்றார். அந்தக் குழந்தை கண்ணாடியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

பையை நான் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன்.

கரிப்படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பின்பக்கம் என் கையெழுத்தில் இரண்டு வரி. முதல் வரி 1995 ஆனி, முதல் சனிக்கிழமை. இரண்டாவது வரியை அன்று பஸ்ஸில் எழுதினேன், எழுத்து கோணலாக இருக்கிறது: 2003 மாசி, சேர்மாதேவி வரை போய்த் திரும்பியது.